கல்லில் பெயர், திரையில் எண்: ஆடும் பெண் காட்சிப்பொருளான வரலாறு

வெகுஜன ஊடகங்களில் பெண் காட்சிப்பொருளாக்கப்படுவது பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் ஆடையில் தொடங்கி ஆடையிலேயே முடிந்துவிடுகின்றன. எவ்வளவு தெரிந்தது, எங்கே தெரிந்தது, தணிக்கைக் குழு எதை அனுமதித்தது, எதை வெட்டியது என்பதே பேச்சு. பண்பாட்டுக் காவலர்களும் அவர்களை எதிர்ப்பவர்களும் இந்தப் புள்ளியில் ஒன்றுபடுகிறார்கள். துணி குறைந்துவிட்டது என்கிறார் ஒருவர். குறைந்தால் என்ன என்கிறார் மற்றவர். இருவர் கையிலும் இருப்பது ஒரே முழக்கோல்தான்.

அந்த முழக்கோலைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு வரலாற்றைப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. தமிழ்ச் சூழலில் மேடையேறி ஆடிய பெண் திரையின் காட்சிப்பொருளாக மாறியது, உடல் சிறிது சிறிதாக வெளிப்பட்டதால் நிகழ்ந்துவிடவில்லை. ஒரே பெண்ணிடம் ஒன்றாக இருந்த கலை, குரல், பெயர் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாக அவளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டன. எல்லாம் போனபின் எஞ்சியதைத்தான் நாம் இன்று 'பெண்ணுடல்' என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிரிவினை எப்போது, எவ்வாறு நடந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதவியின் மாலை

முதலில் ஒரு மயக்கத்தை விலக்கிவிட வேண்டும். ஆடும் பெண்ணுக்கு விலை வைக்கும் வழக்கத்தைச் சினிமா தொடங்கிவைக்கவில்லை. காலனி ஆட்சியும் தொடங்கிவைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவுகூர்ந்தால் போதும். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் மாதவி சோழ மன்னன் முன் ஆடுகிறாள். அவள் ஆட்டத்தைச் சொல்வதற்கு முன்பே இளங்கோ அவளுக்குத் துணைநின்றவர்களை வரிசைப்படுத்துகிறார்: ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசான், குழலோன், யாழாசான். அரங்கின் அளவுகூடத் துல்லியமாக வருகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆட்டம் முடிந்ததும் தலைக்கோல் பட்டமும் மாலையும் 1008 கழஞ்சுப் பொன்னும் அவளுக்குக் கிடைக்கின்றன.

அதன்பின் நடப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. மாதவியின் மாலை ஒரு கூனியின் கையில், நகரத்து இளைஞர்கள் உலவும் தெருவில், விலைக்கு நிற்கிறது. 1008 கழஞ்சு பெறும் அந்த மாலையை வாங்குபவன் மாதவிக்குக் கணவனாவான். கோவலன் வாங்குகிறான். கலைக்குக் கிடைத்த பரிசும் உடலுக்கு வைக்கப்பட்ட விலையும் ஒரே எண். இரண்டுக்கும் நடுவே சில அடிகளே இடைவெளி.

ஆகவே முற்காலத்தில் பொற்காலம் ஒன்று இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவிக்கு விலை பேசிய அதே உலகம், அவள் என்ன கற்றாள், யாரிடம் கற்றாள், எந்த அளவுள்ள மேடையில் ஆடினாள் என்பதையும் பதிவு செய்திருக்கிறது. விலையால் அவளுடைய கல்வியை மறைத்துவிட முடியவில்லை.

நானூறு பெயர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராஜராஜன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றியது. ஒவ்வொருவருடைய பெயரும் தனித்தனியே வெட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பதும் உண்டு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ அகன்றாலோ அந்தப் பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

இதைச் சுதந்திரத்தின் சாசனமாகக் கொள்ள முடியாது. அரசன் ஆணையால் ஊர்விட்டு ஊர் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். வர விருப்பமா என்று அவர்களை யாரேனும் கேட்டிருப்பார்கள் என்று எண்ண இடமில்லை. என்றாலும் அரசு அவர்களை ஓர் எண்ணாக மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. நானூறு என்று கூட்டிச் சொன்னதோடு நானூறு பெயர்களையும் கல்லில் ஏற்றியது. இந்த நானூறை நாம் மறுபடியும் சந்திக்கப்போகிறோம். ஆகவே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பேசும் பெண் ஆபாசமானாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆடும் பெண்ணைப் பற்றிய பேச்சு மாறியது. 1893இல் சென்னையின் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், நாட்டியக்காரிகளின் ஆட்டம் நடக்கும் விருந்துகளுக்குச் செல்ல வேண்டாம் என்று வைஸ்ராய்க்கும் மாகாண ஆளுநருக்கும் விண்ணப்பம் அனுப்பினார்கள். அந்த ஆட்டம் ஒழுக்கக்கேட்டின் அடையாளம் என்பது அவர்கள் வாதம்.

ஏறத்தாழ இதே காலத்தில்தான் வெகுஜன ஊடகம் என்று இன்று நாம் சொல்வதன் முதல் வடிவங்கள் தோன்றுகின்றன. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து தேவியரும் புராண நாயகியரும் வண்ணப் படங்களாக வீடுதோறும் சென்றார்கள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடினார். தெற்கே சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும் தட்டுகளில் பதிவானார்கள். கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். தட்டில் பதிவான குரல் யாருடையது என்று அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது. எனினும் புதிய ஊடகத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் தன் பெயரைத் தன் வாயாலேயே பதிவு செய்தாள் என்பது இந்த வரலாற்றில் சிறிய செய்தி அன்று.

இந்தப் பின்னணியில் 1910–11இல் நடந்த ஒன்றைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை, 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். காதலையும் கூடலையும் பெண்ணின் நிலையிலிருந்து பேசும் நூல் அது. பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்து 1910இல் வெளியிட்டார். நாகரத்தினம்மாளும் தேவதாசி மரபில் வந்தவர். நூலை எழுதியவரும் பதிப்பித்தவரும் பெண்கள். சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் ஏற்கெனவே முத்துப்பழனியை நாணமற்றவள் என்று கண்டித்திருந்தார். அரசு நூலை ஆபாசம் என்று கருதிப் பறிமுதல் செய்தது. தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்ணின் உருவை ஆண் வரைந்து ஆயிரக்கணக்கில் அச்சிட்டது கலையாயிற்று. பெண் தன் விருப்பத்தைத் தானே எழுதியது ஆபாசமாயிற்று. காட்சிப்பொருளாக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. சமூகத்தைத் தொந்தரவு செய்தது உடல் அன்று. உடலுக்கு உரியவள் பேசியதே.

1931

தேவதாசி ஒழிப்பின் வரலாற்றை ஒற்றை வரியில் தீர்ப்பளித்துவிட முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயே அந்த மரபில் வந்தவர். சிறுமிகள் பொட்டுக்கட்டப்படுவதன் கொடுமையை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. 1929இல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம், மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து அப்பெண்களுக்கே உரியதாக்க வழிசெய்தது. 1930இல் அவர் முன்வைத்த மசோதா நீண்ட இழுபறிக்குப் பின் 1947இல் சட்டமாயிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை அனுபவித்து வெளியேறியவர். 1936இல் வந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற அவரது நாவல் அம்முறையைப் பற்றிய கடுமையான குற்றப்பத்திரிகை. மறுபுறம் நாகரத்தினம்மாள் முதலானோர், தங்களை விபசாரிகளோடு சேர்த்து எண்ணுவதை எதிர்த்து மனு எழுதினார்கள். கலையும் கல்வியும் சொத்துரிமையும் உள்ள தங்கள் மரபைச் சீர்திருத்தலாம், அழிக்கலாகாது என்றார்கள். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. இரு தரப்பிலும் பேசியவர்கள் பெண்களே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்த விவாதத்தின் நடுவே 1931ஆம் ஆண்டு வருகிறது. அவ்வாண்டு மார்ச்சில் சென்னை மியூசிக் அகாதெமி, கல்யாணியின் மகள்களான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் ஆகியோரின் ஆட்டத்தை மேடையேற்றியது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் சதிரைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகளின் பகுதி அது. அடுத்த சில ஆண்டுகளில் சதிர் 'பரதநாட்டியம்' ஆயிற்று. 1935 டிசம்பரில் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. ஆட்டம் புதிய வகுப்பாரின் வீடுகளுக்குள் மரியாதையோடு நுழைந்தது. பாலசரஸ்வதி போன்ற சிலர் விதிவிலக்கு. பரம்பரையாக ஆடிவந்த பெண்களில் பலருக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

அதே 1931 அக்டோபரில் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று நாம் கொண்டாடுவது இதைத்தான். நாயகி டி.பி. ராஜலட்சுமி. கதைக்குத் தொடர்பில்லாத அவரது குறத்தி நடனமும் தேசியப் பாடல்களும் உடன் காட்டப்பட்டன. ஓர் ஆட்டம் பிரிந்து இரண்டு வழிகளில் செல்லத் தொடங்கிய ஆண்டாக 1931ஐக் கொள்ளலாம். சபாவுக்குக் கலை போயிற்று. திரைக்கு உடல் போயிற்று. கோயிலையும் மிராசுதாரையும் விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்களில் கணிசமானோர் சென்று சேர்ந்த இடம் சினிமா.

குரல் பிரிந்தது

ஆனால் அந்தப் பிரிவினை உடனே முழுமை பெறவில்லை. முதல் பத்தாண்டின் நடிகைகள் முழுமையானவர்களாகவே திரைக்கு வந்தார்கள். தாமே பாடினார்கள், தாமே பேசினார்கள். கே.பி. சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். அதுவும் ஆண் வேடத்துக்கு. அந்தத் தொகை அவருடைய தொண்டைக்குக் கொடுக்கப்பட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி 'சேவாசதனம்' முதல் 'மீரா' வரை நான்கு தமிழ்ப் படங்களில் தம் குரலாகவே திரையில் இருந்தார். டி.பி. ராஜலட்சுமி 1936இல் தாம் எழுதிய கதையை 'மிஸ் கமலா' என்று தாமே இயக்கித் தயாரித்தார். ராஜலட்சுமியும் சுந்தராம்பாளும் தேவதாசி மரபினர் அல்லர். ஆகவே இது ஒரு சமூகத்தின் இயல்பால் விளைந்த முழுமை அன்று. அன்றைய தொழில்நுட்பமும் நாடக மேடையின் பயிற்சியும் வேண்டிய முழுமை. பாடத் தெரியாதவருக்கு அந்தத் திரையில் இடம் இல்லை.

1938இல் ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்கு வேறொரு பெண் பாடிய பாட்டைச் சேர்த்தார்கள். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கம் இதுவே என்பர். தொழில்நுட்ப முன்னேற்றம் என்ற அளவில் இதில் குறைகாண எதுவும் இல்லை; ஆண் நடிகர்களும் பின்னாளில் இரவல் குரலில்தான் பாடினார்கள். ஆனால் விளைவு இருபாலாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நாயகனுக்கு அவன் பேச்சுக் குரல் எஞ்சியது. வசனமே ஆட்சி செய்த 1950களில் அக்குரலே அவனை நாயகனாக்கியது. ஆட்டக்காரியோ படத்தில் வருவதே ஒரு பாட்டுக்குத்தான். அந்தப் பாட்டும் அவளுடையதில்லை என்றானபின், அவள் வாயசைக்கும் உருவமானாள்.

பிரிந்த குரல்களுக்குள்ளும் பங்கீடு நடந்தது. கற்புக்கு ஒரு குரல், களியாட்டத்துக்கு ஒரு குரல். 1960களில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் கிளப் நடனத்தின் குரலாகவே அறியப்பட்டது. 'பாசமலர்' படத்தில் மணப்பெண்ணை அழைக்கும் பாட்டைப் பாடியவரும் அவர்தான். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் குரலும் அவருடையதுதான். குரலுக்கு ஒழுக்கம் கிடையாது, அது யாருடைய உடலில் பொருத்தப்படுகிறதோ அதற்கேற்ப நாம் ஒழுக்கத்தைக் கற்பித்துக்கொள்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முரசின்மேல் ஐந்நூறு பேர்

டி.ஆர். ராஜகுமாரி 1944இல் 'ஹரிதாஸ்' படத்தின் தாசி ரம்பாவாக வந்து பறக்கும் முத்தம் ஒன்றை வீசினார். படம் சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே 1944 நவம்பரில், நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதி விற்ற பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிறைசென்று 1947இல் விடுதலையான தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் தமிழ்நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஏடுகளில் பக்கம் பக்கமாக ஏலம் போடப்பட்ட பெண்களைப் பற்றிய நினைவு எதுவும் இல்லை. திரையில் உருவம் விற்றது. காகிதத்தில் அவதூறு விற்றது. இரண்டிலும் சரக்கு ஒன்றே.

1948இல் ஜெமினியின் 'சந்திரலேகா' வந்தது. அதன் முரசு நடனம் இந்தியத் திரையின் பிரம்மாண்டத்துக்கு இன்றும் எடுத்துக்காட்டு. கதைப்படி அந்த நடனம் ஒரு சூழ்ச்சி. தன்னைப் பலவந்தமாக மணக்க நினைக்கும் சசாங்கனிடம் சந்திரலேகா சம்மதிப்பதுபோல் நடிக்கிறாள். திருமணத்துக்கு முன் முரசு நடனம் நடக்க வேண்டும் என்கிறாள். அவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கையில் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். பார்ப்பவனின் பார்வையே அவனுக்கு வினையாகிறது. தன்னைக் காட்சிப்பொருளாக்க நினைப்பவனுக்குக் காட்சியையே பொறியாக வைக்கிறாள் ஒரு பெண். தமிழ்த் திரை யோசித்த மிகக் கூர்மையான தருணங்களுள் இது ஒன்று.

ஆனால் அந்த முரசுகளின்மேல் ஆடியவர்கள் யார்? படத்தின் எழுத்துக்காட்சி அவர்களை இப்படிக் குறிப்பிடுகிறது: ஜெமினி பெண்கள் 500 பேர். அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒரே தாளத்தில் காலடி வைத்த அந்தப் பெண்கள் ஓர் எண்ணாகவே வரலாற்றில் நிற்கிறார்கள். தஞ்சைக் கல்வெட்டின் 400 பெயர்களை இங்கே மீண்டும் நினைவுகொள்ளலாம். முடியாட்சி பெயர்களை வெட்டி வைத்தது. ஜனநாயகக் கலை என்று நாம் போற்றும் சினிமாவில் கூட்டல் தொகை மட்டும் மிஞ்சியது. முரசு நடனத்தில் ஆபாசம் என்று சுட்ட ஒன்றுமில்லை, உடைகளில் குறையில்லை. முழக்கோலுக்கு அகப்படாத காட்சிப்பொருளாக்கம் அது.

ஒரே குடும்பம்

ராஜகுமாரியின் வாழ்க்கை இங்கே கவனத்துக்குரியது. தஞ்சையின் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். பாடகி குஜலாம்பாளின் பேத்தி. சினிமாவில் சம்பாதித்ததைக் கொண்டு தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அந்த நிறுவனத்துடையது. தியாகராய நகரில் தம் பெயரிலேயே திரையரங்கும் வைத்திருந்தார். 'கனவுக்கன்னி' என்று ஊரே அழைத்த பெண், தன் பிம்பத்தை விற்ற தொழிலில் தானும் முதலாளியாக இருந்தார்.

அதே உறவுக் கிளையில் வந்தவர்கள் ஜோதிலட்சுமி, ஜெயமாலினி சகோதரிகள். 1960களிலும் 70களிலும் தென்னிந்திய மொழிகள் பலவற்றில் கிளப் நடனம் என்றாலே இவர்கள் பெயர்தான். பாட்டியின் தலைமுறையில் கச்சேரி, ராஜகுமாரியிடம் நடிப்பும் பாட்டும் முதலீடும், அடுத்து ஒரு பாட்டுக்கான ஆட்டம் என்று இந்த வரிசை செல்கிறது. இதை ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி என்று வாசிப்பது அநியாயம். உழைப்பிலும் தேர்ச்சியிலும் சகோதரிகள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். குறைந்தது அவர்களுக்குத் திரை ஒதுக்கிய இடம்தான்.

இடம் குறைந்ததைக் காமிரா வைக்கப்பட்ட விதத்திலேயே காணலாம். 1947இன் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களுக்குக் குமாரி கமலா ஆடும்போது காமிரா பெரும்பாலும் அவரை முழு உருவமாகக் காட்டுகிறது. கையும் கண்ணும் காலும் சேர்ந்து ஒரு பொருளைச் சொல்வதால் அவற்றைப் பிரிக்க முடியாது. கிளப் நடனத்தில் இடை தனி, கால் தனி, கண் தனி என்று துண்டுகளாகக் காட்டினார்கள். ஆட்டத்தை எழுதுவது ஆடுபவளின் உடல் என்ற நிலை போய், படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோல் என்றாயிற்று. பெண்ணுருவைத் துண்டாக்கும் இந்தப் பார்வையைப் பற்றி 1975இல் லாரா மல்வி எழுதிய கட்டுரை நம் சிற்றிதழ்ச் சூழலிலும் பேசப்பட்ட ஒன்று. அவர் ஹாலிவுட்டை வைத்துச் சொன்னதோடு நாம் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: இங்கே துண்டாக்கப்பட்டது உருவம் மட்டுமன்று, பல நூற்றாண்டுகள் கைமாறி வந்த ஒரு தொழிற்கல்வியும்கூட.

இதற்கு நடுவே, 1968இல், 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. மோகனாவின் தாய் வடிவாம்பாள் செல்வந்தர்களைத் தேடுகிறாள். மோகனா ஒவ்வொரு முறையும் மறுக்கிறாள். மாதவியின் மாலையைத் தெருவில் நிறுத்த மறுக்கும் மாதவி என்று அவளைச் சொல்லலாம். படம் அவளுடைய கலையை முழுமையாகக் காட்டுகிறது. ஆனால் கலை கௌரவமானதாக நிலைபெற அவளுக்குத் திருமணம் தேவைப்படுகிறது. ஒருபுறம் மணமாகிக் காப்பாற்றப்பட்ட நாட்டியக்காரி, மறுபுறம் மணமாகாத கிளப் ஆட்டக்காரி. சபா வேறு, சினிமா வேறு என்று 1931இல் விழுந்த கோடு இப்போது திரைக்குள்ளேயே விழுந்துவிட்டது.

துணியின் பெயர்

1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் வினு சக்கரவர்த்தி ஒரு புதிய பெண்ணை அறிமுகப்படுத்தினார். ஆந்திரத்தின் ஏலூர்ப் பகுதிக் கிராமத்துப் பெண், இயற்பெயர் விஜயலட்சுமி. படத்தில் அவருடைய பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. அந்தப் பெயர் படத்தோடு நிற்கவில்லை, அவர்மேல் ஒட்டிக்கொண்டது. தஞ்சைக் கல்வெட்டுப் பெண்ணின் பெயரோடு அவள் கோயில் ஒட்டியிருந்தது. கோதாவரியின் பெயரோடு சேலமும் தாயியின் பெயரோடு கோயம்புத்தூரும் ஒட்டியிருந்தன. ஸ்மிதாவின் பெயரோடு ஒட்டியது ஒரு துணி. ஊரும் குலமும் ஆசிரியரும் இல்லாத, தொட்டுப் பார்ப்பதற்கான ஒரு பொருளின் பெயர்.

அவர் நடிக்கத் தெரிந்தவர் என்பதற்கு 1981இன் 'அலைகள் ஓய்வதில்லை' சான்று. அந்தப் படத்தில் அவர் ஒரு குடும்பப் பெண். கணவனின் வன்மத்துக்கு நடுவே நியாயத்தை உணரும் பாத்திரம். அதைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள்; தயாரிப்பாளர்கள் மறுபடியும் பாட்டுக்கே அழைத்தார்கள். நூற்றுக்கணக்கான படங்கள், ஐந்து மொழிகள். அவர் வாய்க்குப் பாட்டை வேறொருவர் பாடினார். வசனத்தையும் பெரும்பாலும் வேறொருவரே பேசினார். பெயர் பிறர் இட்டது, குரல் பிறருடையது, ஆட்டம் கத்தரிக்கோலுடையது. பிரிவினை இங்கே முழுமையடைகிறது. 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் அவர் இறந்தபோது வயது 35. அதன்பிறகும் ஓய்வில்லை, 2011இல் அவர் வாழ்க்கையைத் தழுவியதாகப் பேசப்பட்ட இந்திப் படம் பெருவெற்றி பெற்றது. இறந்தபின்னும் பிம்பம் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூல் என்று ஒன்று நம் கையில் இல்லை.

சட்டத்தின் அளவுகோல்

1986இல் இந்திய நாடாளுமன்றம் பெண்களை அநாகரிகமாகச் சித்திரிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. விளம்பரங்கள், நூல்கள், படங்கள் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். திரைப்படத் தணிக்கைச் சட்டத்துக்கு உட்பட்ட படங்களுக்கு விலக்கு உண்டு. அச்சட்டம் தரும் வரையறையில் இரு வேறு எண்ணங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பெண்ணை இழிவுபடுத்துவது குற்றம் என்பது ஒன்று. பொது ஒழுக்கத்தைக் கெடுப்பது குற்றம் என்பது மற்றொன்று. முதலாவதில் பாதிக்கப்படுபவள் பெண். இரண்டாவதில் பாதிக்கப்படுவது பார்ப்பவனின் மனம். அங்கே பெண் ஏறத்தாழக் குற்றத்தின் கருவி. 1911இல் முத்துப்பழனியின் நூலைப் பறிமுதல் செய்தது இந்த இரண்டாவது எண்ணமே. அது சட்டப் புத்தகத்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முரசின்மேல் ஆடிய ஐந்நூறு பேருக்கு நேர்ந்ததைப் பற்றி இந்தச் சட்டத்தால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது.

சட்டம் கேட்காத கேள்விகளைப் பெண்களே கேட்கத் தொடங்கிய தருணங்கள் அண்மையில் நிகழ்ந்திருக்கின்றன. கேரளத்தில் 2017இல் திரையுலகப் பெண்கள் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். அவர்கள் வற்புறுத்தலால் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. 2019 டிசம்பரில் அளிக்கப்பட்ட அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் பொதுவெளிக்கு வந்தது. சாட்சியம் சொன்னவர்களின் பெயர்கள் அதில் இல்லை. இங்கே பெயரின்மை ஒரு கவசம். பேசியவருக்குத் தீங்கு நேராமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஜெமினி பெண்களின் பெயரின்மையும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு பெண் தன் குரலைத் திரும்பப் பெற வேண்டுமானால் தன் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது நம் காலத்தின் நிலையைச் சொல்கிறது.

ஊடகங்களில் பெண் காட்சிப்பொருளாவதை எதிர்ப்பவர்கள் இனி எதை அளக்க வேண்டும்? என் பார்வையில் மூன்று கேள்விகள் போதும். இந்த உருவத்துக்கு உரியவளின் பெயர் சொல்லப்படுகிறதா? அவள் குரல் கேட்கிறதா? அவள் கற்ற கலைக்கு அந்தக் காட்சியில் ஏதேனும் வேலை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமானால் ஆடை எவ்வளவு என்பது அவளுடைய விஷயம். மூன்றுக்கும் இல்லை என்றால், தலைமுதல் கால்வரை பட்டுச் சேலையால் போர்த்தியிருந்தாலும் அவள் பொருள்தான். தொலைக்காட்சியில் நகைக்கடை விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரலாற்றாசிரியர்களுக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பழைய பாட்டுப் புத்தகங்கள், ஸ்டூடியோக்களின் சம்பளப் பதிவேடுகள், நடனக் கலைஞர்களின் சங்கப் பதிவுகள் எங்கேனும் எஞ்சியிருந்தால், அவை பழைய காகிதக் கடைக்குப் போவதற்குள் தேடி எடுக்க வேண்டும். 1948இல் இருபது வயதாக இருந்த பெண் இன்று உயிரோடு இருந்தால் நூறை நெருங்கிக்கொண்டிருப்பார். ஐந்நூறு பேரில் ஐம்பது பெயர்களாவது கிடைக்கக்கூடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்தச்சன் செய்துவிட்டுப் போன வேலைதான் அது.